வரிசையில் ஓர் இடம்

நாங்கள் பதினோரு பேர் ஒரே ஒற்றைக் கட்டிலில் படுத்துத் தூங்கியவர்கள். அதிலும் பன்னிரண்டாவதாக ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் படுப்போம். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், பதினோரு பேரும் கண்ணைத் திறக்காமலே ஒரே நொடியில் மறுபக்கம் புரண்டுவிடுவோம். நாங்கள் புரண்ட காற்றில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வை கீழே விழுந்திருக்கிறது. ஒருமுறை அந்த வீட்டுப் பூனையும் விழுந்தது.

நம்பவில்லை அல்லவா? பரவாயில்லை. யாரும் நம்பியதில்லை. என் மனைவி பாதி நம்புகிறாள், அதுவும் பக்கத்தில் படுப்பவள் என்பதால்.

ஓய்வுபெறும்வரை நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். கடையில் எனக்குக் ‘காற்று மெத்தை’ என்று பட்டப்பெயர். ஊத ஊதப் பெரிதாகிக்கொண்டே போவேன் என்று அர்த்தம். பஞ்சு மெத்தையை விற்பதற்கு, அதில் படுத்து எழுந்திருக்க மனமில்லாமல் வழக்கில் தோற்ற ஒரு வக்கீலின் கதையைச் சொல்வேன். அப்படி ஒரு வக்கீலே கிடையாது. மெத்தை விற்றுவிடும்.

ஆனால் ஊரையே கை காலைப் பரப்பிப் படுக்கவைத்த என்னால் ஒருநாளும் பரப்பிப் படுக்க முடிந்ததில்லை. கடை விலையில் சலுகை போட்டு, வீட்டில் ஒரு மைதானம்போல மெத்தை வாங்கிப் போட்டேன். அதன் ஓரத்தில் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு படுப்பேன். என் தம்பிகள் அப்படித்தான். ஒரே வீட்டில் வளர்ந்த சித்தப்பா பிள்ளைகளும் அப்படித்தான். கடையில் கை காலை விரித்துப் போட்டு மெத்தையைச் சோதிக்கிற வாடிக்கையாளர்களைப் பார்க்கும்போது, பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “ஏம்ப்பா நாம மட்டும் இப்படிப் படுக்கறோம்?”

“நம்ம ஆளுங்களை வாங்கிப் பூட்டி வெச்சிருந்த இடத்துல இப்படித்தான் படுக்க முடியும்.”

“இப்பதான் யாரும் பூட்டலையே.”

“அதை உன் முதுகுகிட்ட சொல்லு” என்றார்.

எங்கள் முன்னோர்கள் அடிமைகள். விலைக்கு வாங்கப்பட்டவர்கள். ஆற்றோரத்தில் இருக்கிற கல் கிடங்கின் நிலவறையில், அடுத்து வாங்குபவன் வரும்வரை அவர்களை வரிசையாகச் சங்கிலியில் கோர்த்துப் போட்டிருந்தார்கள் என்பது குடும்பத்தில் சொல்லப்படுவது. அந்தத் தெருவழியாக அப்பா போகமாட்டார். எவ்வளவு அவசரமானாலும் சுற்றிக்கொண்டு போவார். பள்ளிக்கூடத்திலோ வேறு எங்கேயோ அதைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அது தோல் மூட்டை வைத்த கிடங்கு என்றுதான் ஊரில் பேச்சு.

இந்த இடத்தில் என் தங்கையின் கணவரைக் கூட்டி வரவேண்டும். கட்டடப் பொறியாளர். அவரை நாங்கள் ‘அளவுகோல்’ என்போம், முகத்துக்கு நேராக அல்ல. சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் கதவு நிலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தார், பெண்ணை அப்புறம்தான் பார்த்தார். நல்ல மனிதர். பொய் சொல்லமாட்டார், பொய்யைச் சகிக்கவும் மாட்டார். அதனால் நான் வாயைத் திறந்தாலே அவருக்கு வயிறு எரியும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கடைக்கு வந்தார். மெத்தைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மச்சான், உங்க தங்கச்சி தூக்கத்துல என்னைத் தள்ளிவிடறா.”

“உதைக்கறாளா?”

“உதைச்சாக்கூட ஒத்துக்கலாம். எங்கயாவது சத்தம் கேட்டா, தோள்ல கையை வெச்சு மெதுவா அந்தப் பக்கமாத் தள்றா. அப்புறம் அவ திரும்பிப் படுத்துக்கறா. காலைல கேட்டா தெரியாதுங்கறா. என்னைப் பிடிக்கலையோ?”

“கட்டில் சின்னது மாப்பிள்ளை” என்றேன். பெரிய மெத்தையாகப் பார்த்து ஒன்றை அவர் தலையில் கட்டினேன். அதிலும் தள்ளினாள். கொஞ்ச வருஷத்தில் அவர் பக்கத்து அறையில் தனிக் கட்டில் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி இரண்டு பேரும் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் என் தங்கை அந்தத் தனிக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கல் கிடங்கை ஒரு நிறுவனம் வாங்கியது. மேலே கார் நிறுத்தும் மாடிகள் கட்டப்போகிறார்கள். அடித்தளம் உறுதியாக இருக்கவேண்டும் என்று நிலவறையை மேலிருந்து கீழ்வரை கான்கிரீட் ஊற்றி மூடப்போகிறார்கள். வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் யார் தெரியுமா? அளவுகோல்தான்.

செய்தி தெரிந்ததும் என் தங்கை மூன்று வேளையும் சமைத்து வைத்துவிட்டு அவரோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணா, அங்க மனுசங்களைப் பூட்டி வெச்சிருந்தாங்கன்னு இவர் ஒரு வார்த்தை சொன்னா வேலை நிக்கும். சட்டம் இருக்காம். சொல்லமாட்டேங்கறார்.”

“நான் எதைப் பார்த்தேன்னு சொல்றது?” என்றார் அவர். “மச்சான், நீங்களே சொல்லுங்க. சுவர்ல பூச்சைக் கொத்திப் பார்த்தேன். அடியில தரையோட ஒட்டினாப்பல வரிசையா இரும்பு வளையம் இருக்கு. நிஜம்தான். ஆனா ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவுல ஒன்றரைச் சாண். ஒன்றரைச் சாண்ல மனுசன் படுக்க முடியுமா? அது மூட்டைக்குக் கயிறு கட்டற வளையம்.”

“படுக்க முடியும்” என்றேன்.

“நீங்க ஒரே கட்டில்ல பதினோரு பேர் படுத்தோம்னு சொல்றவர்.”

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஆயுள் முழுக்க ஒன்றைப் பத்தாகச் சொல்லிச் சொல்லி, இப்போது ஒன்றை ஒன்றாகச் சொன்னாலும் எடுபடாத இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

“சரி மாப்பிள்ளை. நாங்க வந்து படுத்துக் காட்டறோம்.”

அவர் யோசித்தார். மேசை விளிம்பில் விரலால் சாண் போட்டார். “வளையம் கண்ணுல பட்டா அதுக்குத் தகுந்தமாதிரி காலை வெச்சுப் படுத்துடுவீங்க. நான் சுவரைத் தார்ப்பாய் போட்டு மூடிடுவேன். உங்க வீட்டு வழக்கம் எதுவோ அப்படிப் படுங்க. அப்புறம் தார்ப்பாயை எடுக்கறேன். பொருந்தினா வேலையை நிறுத்தறேன். பொருந்தலேன்னா இனிமே இந்த வீட்ல யாரும் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.”

“எடுக்கலை” என்றாள் தங்கை.

கான்கிரீட் ஊற்றுகிற நாளன்று காலையில்தான் எங்களை உள்ளே விட முடிந்தது. தெருவில் கலவை லாரி வந்து நின்று, முதுகிலிருந்த பெரிய உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுவதை நிறுத்தினால் உள்ளேயே இறுகிவிடும். அதன் பக்கத்தில் நிறுவனத்தின் மேலாளர், பல்வலிக்காரர்போலத் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் படையைப் பார்த்ததும் அவருக்கு வலி கூடியிருக்கவேண்டும். முதலில் நான். அடுத்து தையற்காரத் தம்பி. அடுத்து சித்தப்பா மகன், பேருந்து ஓட்டி ஓட்டி உட்கார்ந்த நிலையிலேயே நடப்பவன். பிறகு மற்றவர்கள். சந்தைக் கூட்டம்போலப் பேசிக்கொண்டே, முட்டி வலிக்கு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பதினோரு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒருத்தி மருத்துவமனையில் செவிலி. அவள் பிறப்பதற்கு முன்பே எல்லோரும் தனித்தனி வீட்டுக்குப் போய்விட்டோம். வரிசையில் அவள் ஒருநாளும் படுத்ததில்லை.

“பெரியப்பா, எனக்கு என்ன பண்ணணும்னே தெரியாது” என்றாள்.

“படும்மா. தெரிஞ்சுடும்.”

“டூட்டிக்குப் போகணும், துணி அழுக்காயிடும்.”

“அழுக்காகலேன்னாதான் ஆச்சரியம்” என்றாள் என் மனைவி படிக்கட்டிலிருந்து. கட்டிக்கொண்டு வந்தவர்கள் வரிசையில் சேர்வதில்லை. அவர்கள் படிகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். “தலையணை வேணுமா? இவர்கிட்ட கேளுங்க, சலுகை விலைக்குத் தருவார்.”

நிலவறை எங்கள் தலையைத் தொடுகிற உயரம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே கல் ஜில்லென்று இருந்தது. ஒரு பக்கச் சுவரை நீலத் தார்ப்பாய் தரைவரை மூடியிருந்தது. இரண்டு தொழிலாளிகள் மேல்தளத்தில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வழக்கம் எளிது. மூத்தவன் மூலைச் சுவரை ஒட்டிப் படுப்பான். கால் பக்கத்துச் சுவரைப் பார்த்து, இப்போது தார்ப்பாய் மூடியிருந்த சுவர். அடுத்தவன் அவன் முதுகுக்குப் பின்னால், முழங்காலை அவன் முழங்கால் மடிப்பில் பொருத்திக்கொண்டு. அப்படியே பிறந்த வரிசையில் கடைசி ஆள்வரை. நான் படுத்தேன். தம்பியின் மூச்சு என் பிடரியில் பட்டது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். அவன் அதே வாசனை அடித்தான், மூக்குப்பொடியை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தான்.

“உன் எலும்பு குத்துது” என்றான் அவன்.

“மெத்தைக்காரன் எலும்பு. சும்மா இரு.”

சிரிப்பு வரிசையோடு ஓடி, நடுவில் நின்றுவிட்டது. நின்ற இடத்தை நான் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

அளவுகோல் குனிந்து நடந்து வந்தார். “இங்க ஒரு ஆள் குறையுதே. மச்சான், யாரு வரலை? அஞ்சு பேருக்கு அப்புறம் இடம் விட்டிருக்கு.”

அவர் காலடி இடைவெளியருகே நின்றது.

“நகர்ந்து படுங்க. இடைவெளி விட்டா அளவு தப்பாயிடும்.”

“அது அவர் இடம்” என்றாள் என் தங்கை. பிறந்த வரிசையில் ஆறாவது அவள். இடைவெளிக்கு அடுத்த ஆள்.

“எவர்?”

இங்கே நான் உங்களுக்கும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எதை ஊதினாலும் இதை ஊதமாட்டோம். வெளி ஆளிடம் சொல்வதுமில்லை. கட்டிக்கொண்டு வந்தவர்களிடம்கூட. பன்னிரண்டாவது ஆள் என்று நான் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். யார் என்று சொன்னதில்லை. ஒருவேளை அதை மறைக்கத்தான் மற்றதையெல்லாம் அவ்வளவு பெரிதாக ஊதினேனோ என்னவோ.

தங்கை தரையில் கன்னத்தை வைத்தபடியே, கூரையைப் பார்க்காமல் கணவரையும் பார்க்காமல் சொன்னாள்.

“ஒரே சங்கிலி, எல்லார் கணுக்கால் வழியாவும் போகும். ஒருத்தர் மட்டும் திரும்ப முடியாது. கடைசி ஆள் குதிகாலால தரையைத் தட்டுவார். எல்லாரும் சேர்ந்து திரும்புவாங்க. ஒருநாள் நடுவுல ஒருத்தர் செத்துட்டார். காவல்காரன் கதவைத் திறக்கலை. அவர் திரும்பாம மத்தவங்க திரும்ப முடியாது. அதனால ஒவ்வொரு தடவை தட்டும்போதும், அவருக்குப் பின்னால இருந்தவ அவர் தோள்ல கை வெச்சு அவரைத் திருப்பிவிட்டுட்டு, அப்புறம் தான் திரும்புவா. கதவைத் திறந்தவங்க அவர் காலைக் கழட்டறதுக்குக் கொல்லனைக் கூப்பிடலை. சுவத்தைக் கொத்தி வளையத்தோட இழுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. பேரும் தெரியாது. அவருக்குன்னு இருக்கறது இந்த இடம்தான். அதுலதான் நீங்க கான்கிரீட் ஊத்தப்போறீங்க.”

படிக்கட்டில் என் மனைவி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதை நிறுத்தினாள்.

அளவுகோல் போய்த் தார்ப்பாயின் மூலையைப் பிடித்தார். அதை அவர் இழுத்த சத்தம் கேட்டது. என் முகம் மூலைச் சுவரைப் பார்த்து இருந்ததால் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் நாடாவை இழுக்கிற சரசரப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

“மாப்பிள்ளை, என்ன இருக்கு?”

“வளையம் இருக்கு.” அவர் குரல் தரையருகே இருந்து வந்தது. மண்டி போட்டிருந்தார். “ஒவ்வொருத்தர் கணுக்காலுக்கும் நேரா ஒண்ணு இருக்கு.”

“நடுவுல?”

“நடுவுல இல்லை.”

“என்ன இல்லை?”

“வளையம் இல்லை. கல்லு உடைஞ்சு ஒரு குழி இருக்கு. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. இவகிட்டகூடச் சொல்லலை.”

மேலே தெருவில் லாரியின் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. படிகளில் காலடிச் சத்தம். மேலாளர் பாதிப் படி இறங்கி நின்றார். “சார், கலவை இறுகிடும். இவங்க எழுந்திரிக்கட்டும். இதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சு வந்து படுக்கறதுதானே சார். அஞ்சு பேருக்கு அப்புறம் இடம் விடுன்னு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க.”

நியாயமான பேச்சுதான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அளவுகோலும் அதைத்தான் யோசித்திருப்பார். அவரிடம் அந்த வியாதி உண்டு, தனக்குச் சாதகமானதை இரண்டு தடவை சந்தேகிப்பார்.

அப்போது மேல்தளத்தில் ஒரு தொழிலாளியின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது. கல் தரையில் ஒருமுறை விழுந்து, துள்ளி இன்னொருமுறை விழுந்தது.

டங். டங்.

பார்த்தால், நான் மூலைச் சுவருக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தேன். திரும்பவேண்டும் என்று நினைக்கவில்லை. நினைப்பதற்குள் உடம்பு செய்து முடித்திருந்தது. என் கண்ணுக்கு முன்னால் இப்போது தம்பியின் பிடரி இருந்தது. அதற்கு அப்பால் எல்லோருடைய பிடரியும். முட்டி வலிக்காரர்கள், முதுகு வலிக்காரர்கள், எழுந்து உட்கார ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்க்கிறவர்கள், எல்லோரும். செவிலிப் பெண்ணும் திரும்பியிருந்தாள். அவள் “பெரியப்பா” என்றாள், அவ்வளவுதான். அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

போர்வை பறந்தது, பூனை விழுந்தது என்றெல்லாம் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அங்கே காற்று அசையவில்லை. துணி கல்லில் உரசிய சத்தம் மட்டும்தான். எவனோ ஒருத்தனுடைய கதவுக்குப் பின்னால் யாரோ தட்டியதற்கு இத்தனை காலம் கழித்து நாங்கள் பணிந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வராத நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஆனால் அளவுகோல் எங்களைப் பார்க்கவில்லை. அவர் இடைவெளியின் கால்மாட்டில், அந்தக் குழிக்கு முன்னால் மண்டி போட்டபடி, தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை நான் பார்க்கவில்லை. என் மனைவி படியிலிருந்து பார்த்தாள். அவள் என்னைப்போல ஊதமாட்டாள். அவள் சொன்னது இது. கடப்பாரை விழுந்ததும் மற்ற எல்லோரும் திரும்பினார்கள். என் தங்கை மட்டும் அரை நொடி தாமதித்தாள். கண்ணை மூடியிருந்தாள். வலது கையை நீட்டி, எதிரே ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு தோள் இருக்கவேண்டிய உயரத்தில் உள்ளங்கையை வைத்தாள். மெதுவாக அந்தப் பக்கமாகத் தள்ளினாள். தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் நகர்த்துவதுபோல. அந்தத் தோள் திரும்பி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. அப்புறம்தான் அவள் திரும்பிப் படுத்தாள்.

“என்னங்க?” என்றாள் தங்கை. அவர் அவள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். இடைவெளியை மிதிக்காமல், அவள் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“இதான் அது” என்றார்.

“எது?”

“என்னைப் பண்ணுவியே, அது.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அவளுடைய வலது கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். அளப்பதற்கு ஏதாவது கிடைத்தால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இது அந்த முகம் இல்லை.

“நீ என்னைத் தள்ளிவிடறேன்னு நினைச்சேன்” என்றார். “இத்தனை வருஷமா.”

“நான் எதுக்கு உங்களைத் தள்ளணும்?” என்றாள் அவள். அந்தத் தனிக் கட்டிலைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசி நான் கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

“சார்” என்றார் மேலாளர்.

அளவுகோல் எழுந்தார். கூரை தலையில் இடித்தது. எங்களில் யாருக்கும் இடித்ததில்லை. தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் குனிந்தார்.

“மச்சான், ஒரே ஒரு கேள்வி. ஒத்தைக் கட்டில்ல பதினோரு பேர் படுத்தோம்னு சொல்வீங்களே. அது பொய்தானே?”

“பொய்தான் மாப்பிள்ளை. வீட்ல கட்டிலே கிடையாது. தரைதான்.”

“பூனை?”

“பூனையும் பொய்.”

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து, கையில் ஒருமுறை எடை பார்ப்பதுபோலப் பிடித்துவிட்டு, திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்.

“லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க சார். கட்டிலும் பூனையும் பொய். மத்தது எல்லாம் இங்கதான் நடந்தது.”